ராட்லர் ஐயரின் செடித்தொகுதியும் சொற்றொகுதியும்

மாந்தர் ஈட்டும் பொருள்களுள் பொன்னும் மனையும் மக்கள் கைக்கு மாறி, பேரர் காலத்தில் பாகப்பட்டு, பின்னர் இருந்த இடமும் தெரியாது போதல் கண்கூடு. ஒருவர் வாழ்நாளெல்லாம் தேடித் தொகுத்த அறிவோ, காப்பாரைப் பெற்றவழி நூறாண்டும் இருநூறாண்டும் நிற்கும். பெறாதவழி ஒரு மழைக்காலத்துக் கறையானுக்கு இரையாகும். இவ்வுண்மையைத் தெளியக் காட்டும் வரலாறு ஒன்றை நம் சங்கத்து அன்பர்க்கும் அவர்தம் இல்லத்தார்க்கும் இவ்விதழ்வாயிலாகச் சொல்ல விழைகின்றேன்.

அயல்நாட்டுக் குரு ஒருவரின் சரிதம் நெசவுத்தொழிலாராகிய நமக்கு எற்றுக்கு என்று சிலர் வினவக்கூடும். காரணம் இரண்டு. அவர் தமிழ்மொழிக்குப் பேரகராதி ஒன்று செய்தவர் என்பது ஒன்று. பட்டுக்குச் சாயமேற்றும் மரமொன்று ஒரு காலத்தில் அவர் பெயரால் உலகெங்கும் வழங்கப்பெற்றது என்பது மற்றொன்று. மூன்றாவதாக ஒரு காரணமும் உண்டு. அஃது என் குடும்பத்தைப் பற்றியது. அதனை இறுதியிற் கூறுவேன்.

பிறப்பும் தமிழகம் புகுதலும்

யோவான் பீட்டர் ராட்லர் என்னும் பெரியார் 1749-ஆம் ஆண்டு சூன் திங்களில் ஸ்திராஸ்பர்க் நகரிற் பிறந்தார். அந்நாளில் அந்நகர் பிரெஞ்சு அரசின் ஆட்சிக்கு உட்பட்டிருந்ததாயினும், ஊரார் பேசியது ஜெர்மன் மொழியே. அந்நகரிலேயே கல்வி பயின்ற அவர், 1775-இல் தென்மார்க்கு நாட்டுத் தலைநகராகிய கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்றார். அடுத்த ஆண்டாகிய 1776-இல், தம் இருபத்தேழாம் அகவையில், கப்பலேறித் தரங்கம்பாடி வந்து சேர்ந்தார்.

தரங்கம்பாடி அக்காலத்தில் தேனியர் கோட்டை. தஞ்சை மன்னர்பால் 1620-இல் உரிமை பெற்று அவர்கள் அங்கே வாணிகம் நடத்தி வந்தனர். கப்பலில் ஏற்றிய சரக்குகளுள் நம்மவர் போன்ற கைவினைஞர் நெய்த துணிவகைகள் சிறந்திருந்தன. அவ்வூருக்கு 1706-இல் சீகன்பால்கு, புளூட்சோ என்னும் இருவர் வந்து தங்கியதனால், அது தமிழாராய்ச்சிக்கும் ஒரு நிலைக்களமாயிற்று. சீகன்பால்கு தமிழ் ஏட்டுச்சுவடிகளை விலை கொடுத்து வாங்கிச் சேர்த்து, 1708-இல் அவற்றிற்கு ஒரு விளக்கப் பட்டியலும் எழுதினார். பின்னர் அங்கே அச்சுக்கூடம் நிறுவப்பட்டது. அருகிலுள்ள பொறையாற்றில் காகிதப்பட்டறையும் எழுந்தது. ஆகவே, ராட்லர் வந்திறங்கிய காலத்தில் அவ்வூர் எழுபதாண்டுக் காலம் ஏடும் நூலும் சேர்த்துவைத்த இடமாய் விளங்கியது. அத்தகைய இடத்தில் அவர் தமிழ் பயிலத் தொடங்கினார்.

செடிநூற் பயிற்சி

ராட்லர் ஐயர்க்குச் செடிகொடிகளில் விருப்பம் மிகுந்ததற்குக் காரணராயிருந்தவர் கோனிக் என்னும் மருத்துவர். இவர் சுவீடன் நாட்டுப் பேரறிஞர் லின்னேயசின் நேர் மாணாக்கர். 1768-இல் தரங்கம்பாடிக்கு வந்தவர். 1774 முதல் ஆர்க்காட்டு நவாபிடமும், 1778 முதல் ஆங்கிலக் கும்பினியிடமும் இயற்கைநூல் வல்லுநராய் ஊழியம் செய்தார். நம் ஆரணி, கண்ணமங்கலம் முதலாய ஊர்கள் அந்நாளில் அந்நவாபின் ஆட்சி வட்டத்தில் அடங்கியிருந்தன என்பது நினைவுகூரத்தக்கது.

லின்னேயசு 1753-இல் வெளியிட்ட நூலில் ஒவ்வொரு செடிக்கும் இரு சொல்லாலான பெயர் வகுத்தார். முதற்சொல் இனத்தையும் இரண்டாஞ்சொல் அவ்வினத்துள் அடங்கிய ஒன்றனையும் குறிக்கும். தமிழிலக்கணம் பயின்றார்க்கு இஃது எளிதின் விளங்கும். சாரைப்பாம்பு என்பதிற் பாம்பு பொதுப்பெயர், சாரை சிறப்புப்பெயர் என நாம் மாணாக்கர்க்குச் சொல்லுகின்றோமன்றோ? அத்தகைய இருபெயர்களால் உலகத்துச் செடிகளையெல்லாம் வரிசைப்படுத்தலாம் என்பதே அவர் துணிபு. நம் முன்னோரும் இத்துறையில் வாளா இருந்தாரல்லர். புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரமென்றும் தொல்காப்பியர் மரபியலிற் பகுத்தார். நிகண்டாசிரியர் மரப்பெயர்க்கெனத் தனித் தொகுதி அமைத்தனர். ஆயினும், செடியின் உருவையே உலர்த்திப் பெயரோடு சேர்த்து வைக்கும் முறை நம்மிடம் வளர்ந்திலது. அம்முறையைக் கோனிக்கிடம் ராட்லர் கற்றார்.

அம்முறையாவது: செடியைப் பூவோடும் இலையோடும், கிடைத்தவழிக் காயோடும் பறித்து, காகித மடிப்புக்களுக்கு இடையே பரப்பி, மேலே பளுவேற்றி அழுத்துவர். ஈரத்தை உறிஞ்சிய காகிதத்தை நாடோறும் மாற்றுவர். முற்ற உலர்ந்தபின் தனித்தாளிற் பொருத்தி, பெயர், எடுத்த இடம், எடுத்த நாள் என்பவற்றை அருகே எழுதிவைப்பர். சொல்லுதற்கு எளிது, சோழநாட்டுக் கடற்கரையில் ஐப்பசி கார்த்திகை மழையிற் செய்தற்கு அரிது. உப்புக்காற்றில் தாள் ஈரங்கட்டும், பூஞ்சணம் படரும், அந்துப்பூச்சியும் கறையானும் அரிக்கும். ஓராண்டு கவனியாது விட்டாலும் பத்தாண்டு உழைப்பு பாழாம். பட்டுப்புடைவையைப் பெட்டியில் வைத்துக் காக்கும் நம் மகளிர்க்கு இவ்வருமை சொல்லாமலே விளங்கும்.

கோனிக் 1785-இல் காக்கிநாடாவை அடுத்த ஜகந்நாதபுரத்திற் காலமானார். இறுதியில் அவரைக் கவனித்தவர் ராக்ஸ்பரோ என்னும் ஆங்கில மருத்துவர். கோனிக்கின் கையெழுத்துச் சுவடிகள் அவர் விருப்பப்படியே இலண்டனில் வாழ்ந்த பாங்ஸ் என்னும் செல்வரிடம் சென்றன. ஆசிரியர் மறைந்தும் மாணாக்கர் முயற்சி தளரவில்லை. ஜான், கிளைன், ஹைன் என்னும் அன்பர்களோடு கூடி ராட்லர் செடிகளைத் தேடினார். ஒருவர் கண்டதனை மற்றையோர் பார்வைக்கு அனுப்பி, ஆராய்ந்து, பெயரிட்டுக் கொண்டனர். ஒருவர் பிழையை மற்றொருவர் திருத்துதற்கு இக்கூட்டுறவு உதவியது. கல்வியில் தனிமை ஆகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

ஆங்கிலேயர் இலங்கையைக் கைக்கொண்ட 1795, 1796-ஆம் ஆண்டுகளில், ஹியூ கிளெக்ஹார்ன் என்பாரொடு ராட்லர் அத்தீவுக்குச் சென்று ஆங்குள்ள செடிகளையும் கண்டார். 1799, 1800-ஆம் ஆண்டுகளில் தரங்கம்பாடியினின்று சென்னைக்குச் சென்று மீண்டார். அவ்வழிநடையில் எவ்வெவ்விடத்து என்னென்ன செடி கண்டார் என்பதனை எழுதி வைத்தார். வில்தெனோ என்னும் பேராசிரியர் குறிப்புக்களோடு அது 1803-இல் பெர்லினில் அச்சாயிற்று. வழிப்போக்கர் பலர் நடந்த பாதைதான். காலடியிற் கிடந்த பூண்டைக் குனிந்து நோக்கி எழுதியவர் சிலரே.

தம்மிடம் ஒரே செடியின் படிகள் பல இருந்தபோது அவற்றை எர்லாங்கனிலிருந்த ஷ்ரேபர், பெர்லினிலிருந்த வில்தெனோ முதலிய அறிஞர்க்குப் பகிர்ந்தனுப்பினார். அவர்கள் எழுதிய நூல்களிற் சோழமண்டலக் கரைச் செடிகள் பல இடம்பெற்றன. இப்பகிர்ந்தளித்தலின் பயன் நூற்றைம்பதாண்டு கழிந்தபின் விளங்கியது. 1943-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், இரண்டாம் உலகப் போரின்போது பெர்லின் நகரத்துச் செடித்தொகுதியின் பெரும்பகுதி குண்டுவீச்சால் எரிந்தழிந்தது. எனினும் வில்தெனோ சேர்த்த தொகுதி மட்டும் தப்பிப் பிழைத்தது; அதனுள் நம் நாட்டுச் செடிகளும் தப்பின. ஒரே இடத்தில் முழுவதையும் பூட்டிவைத்தலினும் பல இடத்துப் பகிர்ந்து வைத்தல் காவற்குரியது என்பது இதனாற் பெறப்படும்.

பட்டுச் சாயமும் ராட்லர் பெயரும்

இனி நம் தொழிலுக்கு அணுக்கமான செய்திக்கு வருவோம். கபிலப்பொடி என்பது நாட்டு மருந்துக்கடைகளிற் கிடைக்கும் செந்நிறத் தூள். வயிற்றுப் புழுவை நீக்குதற்கு வைத்தியர் அதனைக் கொடுப்பர். அதனைத் தரும் மரத்திற்குக் குரங்குமஞ்சணாறி என்றும் பெயருண்டு. ஜவ்வாது மலை முதலிய மலைச்சாரல்களில் அது வளரும். மாசி பங்குனித் திங்கள்களில் முப்பிளவான சிறு காய்கள் முற்றும். அக்காய்களின் மேற்புறத்தைச் செம்பொடி போர்த்திருக்கும். காய்களைக் கூடையிலோ பையிலோ இட்டுத் தேய்த்துச் சலித்து அப்பொடியைப் பிரிப்பர்.

ராக்ஸ்பரோ இம்மரத்தை ஆராய்ந்து, தம் நண்பராகிய ராட்லர் பெயரால் ராட்லெரா டிங்க்டோரியா என்று பெயரிட்டு, 1798-ஐ ஒட்டித் தம் சோழமண்டலக் கரைச் செடிகள் என்னும் பெருநூலில் ஓவியத்தோடு வெளியிட்டார். டிங்க்டோரியா என்னும் இலத்தீன் சொல்லுக்குச் சாயத்துக்குரியது என்பது பொருள். தெலுங்கு நாட்டுச் சாயக்காரர் இப்பொடியால் பட்டுக்கு நெருப்பு நிறமான கிச்சிலி வண்ணம் ஏற்றிய முறையையும் அவர் உடன் எழுதினார். பொடி நான்கு பங்கு, படிகாரத்தூள் ஒரு பங்கு, நாட்டுக் காரவுப்பு இரண்டு பங்கு ஆகிய இவற்றை மிகச் சிறிது நல்லெண்ணெய் விட்டு நன்றாகத் தேய்த்துக் கலப்பர். பட்டின் அளவுக்கேற்ற கொதிநீரில் அக்கலவையைப் போட்டு, வேண்டும் நிறம் ஏறுமட்டும் பட்டைக் கொதிக்கவைப்பர். இதுவே அம்முறை. இப்பொடி வெறும் தண்ணீரிற் கரையாது; காரம் சேர்ந்தபோதே கரைந்து நிறங்காட்டும். பருத்தியினும் பட்டிலேயே இந்நிறம் நன்கு பற்றும்.

செடிநூலாரிடையே முந்தியிட்ட பெயரே நிற்கும் என்பது விதி. 1786-இல் இலமார்க் என்பவரும் 1790-இல் லௌரேரோ என்பவரும் முறையே இம்மரத்திற்கும் இதன் இனத்திற்கும் வேறு பெயர் இட்டிருந்தனர் என்பது பின்னர்த் தெளியப்பட்டது. ஆகவே ராட்லெரா என்னும் பெயர் விலக்கப்பட்டது. இன்று இம்மரம் மல்லோட்டஸ் பிலிப்பென்சிஸ் எனப்படுகின்றது. எனினும் ராட்லர் பெயர் செடியுலகினின்று நீங்கிவிடவில்லை. நீர்வற்றிய ஏரிப்படுகையிலும் அறுவடை கழிந்த வயல்களிலும் சாம்பல் பூத்த இலையோடு தானே முளைக்கும் சிறு பூண்டு ஒன்றுண்டு. அதற்குச் செடிநூலார் வழங்கும் பெயர் குரோசோபோரா ராட்லெரி என்பது. அதன் காயைக் கசக்கித் துணியில் தேய்த்தால் நீலங்கலந்த ஊதாக்கறை பற்றும். மரத்தில் இழந்த பெயரைப் பூண்டிற் பெற்றார் அவர். அதுவும் சாயந்தரும் பூண்டாக அமைந்தது வியப்பே.

சென்னை வாழ்வும் அகராதியும்

1803-ஆம் ஆண்டு ராட்லர் தரங்கம்பாடியை விட்டுச் சென்னைக்கு வந்தார். அது முதல் வேப்பேரியும் அதனைச் சூழ்ந்த இடங்களும் அவர்க்கு உறைவிடமாயின. கோயிற்பணி, ஆதரவற்ற பெண்மக்களின் விடுதிப்பணி, பள்ளிப்பணி எனப் பலவும் அவர் தலைமேல் வந்தன. ஆங்கிலத் திருச்சபையின் பொதுவழிபாட்டு நூலைத் தமிழில் பெயர்த்ததும் அவர் செய்த பணிகளுள் ஒன்று. இத்தனைக்கும் இடையே செடித்தொகுதியை அவர் கைவிட்டிலர்.

முதுமையில் அவர் மேற்கொண்ட அரும்பணி தமிழ் ஆங்கில அகராதி. தமிழுக்கு அகராதி வரலாறு நீண்டதொன்று. வீரமாமுனிவர் 1732-இற் சதுரகராதி செய்தார். அதனால் நிகண்டுச் செய்யுள்களை மனனம் செய்யாதாரும் அகரவரிசையாற் பொருள் காணும் எளிமை பிறந்தது. வேப்பேரியில் வாழ்ந்த பெப்ரீஷியஸ் ஐயர் 1779-இல் தமிழ் ஆங்கில அகராதி ஒன்றை அச்சிட்டார். அதனை அச்சிட்ட பொறியும் ஒரு வரலாறு உடையது. 1761-இல் ஆங்கிலேயர் புதுச்சேரியைக் கைப்பற்றியபோது எடுத்துவந்த அச்சுப்பொறி அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அதனால் வேப்பேரி அச்சுத்தொழிலுக்குப் பெயர்பெற்றது.

இவ்விருவர் வழியை மேலும் விரித்துச் செல்லத் துணிந்தார் ராட்லர். அவரது அகராதியின் முதற்பகுதி 1834-இல் வேப்பேரி அச்சுக்கூடத்தினின்று வெளிவந்தது. அப்பொழுது அவர்க்கு அகவை எண்பத்தைந்து. கண்ணொளி மங்கி, கைந்நடுங்கும் பருவத்தில் சொல்லொன்றற்குப் பொருள் நான்கும் ஐந்தும் தேடி எழுதுதல் எத்தகைய உழைப்பு என்பதனை, பள்ளிக்கூடத்துத் தேர்வுத்தாள் திருத்தும் அளவிலேயே களைத்துப்போகும் யான் எண்ணி எண்ணி நாணியதுண்டு.

இவ்வகராதியில் மரஞ்செடிகளின் பெயர் வரும் இடங்களே ராட்லரின் தனிச்சிறப்பு விளங்கும் இடங்கள். நிகண்டுகளில் ஒரு பூண்டின் பெயர்க்கு நேரே மற்றொரு பெயர் கிடைக்கும். அவ்விரண்டனையும் அறியாதானுக்கு அது பயன்படாது. ஓர் மரவிசேடம், ஓர் பூடு என்று சொல்லி அமைவதும் அகராதிகளில் வழக்கம். ராட்லரோ அப்பூண்டைத் தம் கையாற் பறித்து உலர்த்தி வைத்திருந்தவர். ஆதலின் தமிழ்ப்பெயர்க்கு உரிய செடிநூற்பெயரையும் சேர்த்து எழுதுதல் அவர்க்கு இயன்றது. சொல்லைப் புலவர் அறிவர். பொருளை மருத்துவரும் காட்டுவாழ்நரும் அறிவர். இரண்டனையும் ஒருவரே அறிந்தமையால், வேறுவேறாய்க் கிடந்த இரண்டு அறிவுகளும் அங்கே ஒன்றாயின. பாவும் ஊடையும் சேர்ந்தபின் துணியாவது போல என்று நம் தொழில்வழி உவமை கூறலாம். செடித்தொகுதி பாவாக, சொற்றொகுதி ஊடையாக, அறுபதாண்டு அவர் நெய்த ஆடை இவ்வகராதி.

ஆயினும் அவ்வாடையைத் தறியினின்று அறுத்தெடுக்கும் பேறு அவர்க்கு வாய்த்திலது. 1836-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 24-ஆம் நாள் வேப்பேரியில் அவர் உயிர் நீத்தார். தமிழகம் புகுந்து அறுபதாம் ஆண்டு அது. எஞ்சிய பகுதிகளைத் தெயிலர் ஐயரும், தமிழறிஞர் வேங்கடாசல முதலியாரும் செப்பஞ்செய்து 1841-இல் முற்றுவித்தனர். ஒருவர் தொடங்கிய பணியை வேற்று நாட்டார் ஒருவரும் இந்நாட்டார் ஒருவரும் கூடி முடித்தமை பாராட்டற்பாலது. பின்னர் 1862-இல் 67,000-க்கு மேற்பட்ட சொற்களோடு வின்சுலோ வெளியிட்ட அகராதிக்கு ராட்லரின் நூல் துணையாயிற்று. சென்னைப் பல்கலைக்கழகத்தார் 1924-இல் தொடங்கி வெளியிட்ட தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகள் 1936-இல் நிறைவெய்தின. ராட்லர் மறைந்து சரியாக நூறாண்டு கழிந்த ஆண்டு அது.

தொகுதி சென்ற வழி

நிற்க. சொற்றொகுதி அச்சேறியதனால் நிலைபெற்றது. செடித்தொகுதிக்கு நேர்ந்தது யாது?

ராட்லர் தம் தொகுதியை வேப்பேரி மிஷனுக்கே உரிமையாக்கிச் சென்றார். தாம் வாழ்ந்த இடத்திலேயே அது பயன்படவேண்டும் என்பது அவர் கருத்தாதல் வேண்டும். ஆனால் அம்மிஷன் நிலைகுலைந்தபின் அதனைக் காப்பார் அங்கே இலராயினர். எனவே அது கடல் கடந்து இலண்டனிலுள்ள கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகத்தாரைச் சேர்ந்தது. அவர்கள் அதனை அந்நகரத்துக் கிங்ஸ் கல்லூரிக்கு வழங்கினர். இறுதியாக 1873-இல் கியூ தோட்டத்துப் பெருந்தொகுதியோடு அது சேர்க்கப்பட்டது. தரங்கம்பாடியிலும் சென்னைச் சுற்றிலும் பறித்த பூண்டுகள் இன்றும் அங்கே இருக்கின்றன. அண்மைக் காலத்தில் அத்தோட்டத்தார் தம் தாள்களை நிழற்படமாக்கிக் கணினிவழியே எவரும் காணுமாறு வைத்து வருகின்றனர்.

இதனைப் படித்தபோது முதலில் எனக்கு வருத்தமே தோன்றியது. நம் மண்ணில் முளைத்தவற்றை நாம் காண அயல்நாட்டு வாயிலில் நிற்கவேண்டியதாயிற்றே என்பது அவ்வருத்தம். பின்னர் ஒருவாறு தேறி எண்ணினேன். சென்னையிலேயே அது காப்பாரற்றுக் கிடந்திருந்தால் ஒரு தாளும் எஞ்சியிராது. எடுத்துச் சென்றாரைக் குறைகூறுமுன், வைத்துக் காவாதாரை நோக்கவேண்டும். அந்நோக்கு என்னை என் வீட்டிற்கே கொண்டுவந்து நிறுத்தியது. முதலிற் கூறிய மூன்றாங் காரணம் இதுவே.

என் வீட்டில் நிகழ்ந்தது

என் பாட்டனார் நெய்தலோடு சாயமேற்றலும் அறிந்தவர். செயற்கைச் சாயம் 1856-இல் இங்கிலாந்திற் கண்டுபிடிக்கப்பட்டது. அச்சாயங்கள் பெட்டி பெட்டியாக வந்து இறங்கியபின் வேரும் பட்டையும் தேடுவார் குறைந்தனர். எனினும் என் பாட்டனாரின் தந்தையார் அரக்குச் சிவப்பு, கடுக்காய்க் கருமை, அவுரி நீலம் முதலியவற்றின் பக்குவங்களைக் கைவிடாது வைத்திருந்தார் என்று கேள்வி. அவர் சொல்லச் சொல்ல என் பாட்டனார் நீண்ட கணக்குப் புத்தகம் ஒன்றில் அவற்றை எழுதியிருந்தார். ஒருபக்கம் நூல்வரவும் கூலிக்கணக்கும். மறுபக்கம் சாய அளவுகள். செடிப்பெயர்கள், அவை கிடைக்கும் மலைச்சரிவுகள், பறிக்கும் மாதங்கள் ஆகியனவும் இருந்தன. இளமையில் யான் அதனைப் புரட்டியதுண்டு. கபிலம் என்ற சொல் அதில் இருந்ததும், அதன் அருகே ஒரு காயின் உருவம் மைக்கோலால் வரையப்பட்டிருந்ததும் நினைவில் இருக்கின்றன. மற்றையன நினைவில் இல்லை.

பாட்டனார் காலமான மறு ஆண்டு வீட்டிற்குச் சுண்ணாம்பு அடித்தனர். பரண்மேற் கிடந்த பழந்தாள்களை ஒழிக்கும் வேலை எனக்கு வந்தது. அப்பொழுது எனக்கு அகவை பதினெட்டு. தமிழ் வித்துவான் ஆதற்கு விரும்பி, சங்கநூற் பூக்களின் பெயர்களை உருவேற்றிக்கொண்டிருந்த காலம். குறிஞ்சிப்பாட்டில் வரும் தொண்ணூற்றொன்பது பூக்களை மூச்சுவிடாது ஒப்பிப்பதில் எனக்குப் பெருமிதம். அந்நாளில், என் பாட்டனார் கையால் எழுதிய செடிப்பெயர்களைப் பழங்காகிதக்காரரிடம் எடைக்குப் போட்டவன் யானே. கிடைத்த காசு எவ்வளவு என்பதும் மறந்துபோயிற்று. பிறர் எவரையும் குறைகூற இடமின்றி, என் குற்றமாகவே இதனை எழுதுகின்றேன்.

இரண்டு நூற்றாண்டுகட்கு முன், தெலுங்கு நாட்டுச் சாயக்காரர் ஒருவர் சொன்ன நான்கு பங்கு, ஒரு பங்கு, இரண்டு பங்கு என்னும் அளவு, கேட்டவர் எழுதியதனால் இன்றும் படிக்கக் கிடைக்கின்றது. என் வீட்டுப் பரணில் இருந்த அளவு யாது என்பது எனக்கே தெரியாது. ராக்ஸ்பரோ எழுதியதனைப் படித்தபோது, என் பாட்டனார் புத்தகத்திலும் இவ்வளவே இருந்ததோ, இதனின் வேறுபட்டிருந்ததோ, நல்லெண்ணெய்க்கு மாறாக வேறு ஏதேனும் சேர்த்தாரோ என்று அறிய மனம் தவித்தது. வினாவிற்கு விடை சொல்லுவார் ஒருவரும் இல்லை.

நாம் கொள்ளத்தக்கது

அன்பர்காள்! ராட்லர் ஐயர் பெருஞ்செல்வரல்லர். அவர்க்கிருந்த கருவிகள் காகிதம், மை, பளு, பொறுமை என்னும் நான்கே. அவற்றைக்கொண்டு அவர் செய்தது பிறர்க்குப் பயன்பட்டதற்குக் காரணங்கள் மூன்று. கண்டதனை அன்றன்றே எழுதினார். எழுதியதனை நண்பரோடு பகிர்ந்தார். முடியாததனை முடிப்பதற்கு ஆளை வைத்துச் சென்றார். இம்மூன்றும் நம்மால் இயலாதன அல்ல.

நம் கண்ணமங்கலத்திலும் ஆரணியைச் சூழ்ந்த ஊர்களிலும் தறியோடு வாழ்ந்து முதிர்ந்த பெரியோர் இன்னும் இருக்கின்றனர். பாவு, ஊடை, அச்சு, விழுது, நாடா என்பன எல்லார்க்கும் தெரிந்த சொற்கள். இவையன்றி, கரைவகை, பூவகை, நிறவகை, இழையறுந்தபோது செய்யும் முடிச்சு, நூற்கணக்கு முதலியவற்றிற்கு வீட்டுக்கு வீடு வழங்கும் சொற்கள் பல; அவற்றுள் எந்த அகராதியிலும் ஏறாதனவும் உண்டு. நெசவை விட்டுப் பிறதொழிலுக்குச் செல்லும் நம் மக்களோடு அச்சொற்களும் செல்லா, சொன்னவரோடு ஒழியும். பேரகராதி செய்தார் ஆறு தொகுதி செய்தும், நம் தெருச்சொல்லை நாம் கொடாதபோது அவர்கள் எங்ஙனம் அறிவர்?

ஆகவே ஒரு விண்ணப்பம். பள்ளியிற் பயிலும் நம் பிள்ளைகள் இக்கோடை விடுமுறையில் தத்தம் வீட்டு முதியோரிடம் அமர்ந்து, தொழிற்சொற்களையும் சாயக் குறிப்புக்களையும் கேட்டெழுதுக. எழுதியதற்குப் படி ஒன்று எடுத்துச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பிக்க. மூலத்தை வீட்டிலேயே வைத்துக்கொள்க. ஒரே இடத்தில் வைத்தல் தகாது என்பதற்குப் பெர்லின் நகர் சான்று. காப்பாரின்றி வைத்தல் தகாது என்பதற்கு வேப்பேரி சான்று. வந்துசேர்வனவற்றை அகரவரிசைப்படுத்தும் பணியை யான் ஏற்றுக்கொள்கின்றேன். பழங்கணக்குப் புத்தகம் எவர் வீட்டுப் பரணிலேனும் கிடப்பின், சுண்ணாம்பு அடிக்குமுன் ஒருமுறை அதனை விரித்துப் பார்க்குமாறு வேண்டுகின்றேன். அதன் ஒரு மூலையில் கபிலம் என்னும் சொல் காணப்படின், எனக்கு உடனே சொல்லியனுப்புக. இரவாயினும் வந்து படித்துக்கொள்வேன்.